மிடறும் கதிரும்

'தொண்டையில் புற்றாம்' என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்துவிட்டால் போதும், அந்த ஒற்றைத் தொடருக்குள்ளேயே எல்லா முடிவுகளும் எடுக்கப்பட்டுவிடுகின்றன. ஆள் பிழைப்பது கடினம். பிழைத்தாலும் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் விட்டால் 'கரண்ட் வைத்து' உடம்பைப் பொசுக்கிவிடுவார்கள். கட்டியிலிருந்து எடுத்த திசுவை யாரும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே கூடத்தில் உட்கார்ந்து எடுக்கப்படும் முடிவுகள் இவை. இவற்றை எடுப்பது மருத்துவர் அல்லர், ஒரு சொல். தமிழிலக்கியம் படித்து அதைக் கற்பித்துச் சோறு தின்னும் நாம் மருத்துவத்தைப் பற்றி எழுதத் துணிவது இந்தக் காரணத்தால்தான்.

நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது குரல்வளையில் தோன்றும் நிணநீர்ப் புற்று. மருத்துவர்கள் லிம்போமா என்பார்கள். மிக அரிய நோய். குரல்வளையில் தோன்றும் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது. இவ்வளவு அரிதான ஒன்றைப் பற்றி ஓர் இலக்கியப் பக்கத்தில் இத்தனை நீளமாக எழுத வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கலாம். அரிதானது என்பதாலேயே எழுத வேண்டும் என்பது நம் எண்ணம். தொண்ணூற்றொன்பது பேருக்குப் பொருந்தும் முடிவை நூறாவது ஆளின் மேலும் சுமத்திவிடும் வேகம் நம் சமூகத்தில் எவ்வளவு என்பதை இந்த நோய் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் மிடற்றைப் பற்றிச் சிறிது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று நிற்கும் இடங்களுள் ஒன்றாக மிடற்றைச் சொல்கிறது. பன்னிரண்டு உயிரெழுத்துகளும் மிடற்றில் பிறந்த காற்றால் இசைப்பன என்பது அந்நூலின் கணிப்பு. உயிரொலிக்குக் குரல்நாண்களின் அதிர்வு வேண்டும் என்னும் இன்றைய ஒலியியலுக்கு இது மாறானதன்று. ஆயினும் அந்நாண்கள் அசைவதை நேரில் காண மனிதருக்கு நெடுங்காலம் பிடித்தது. 1854இல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், பல் மருத்துவர் கையாளும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, வெயிலை இன்னொரு கண்ணாடியால் அதன்மேல் திருப்பித் தம் குரல்நாண்களைத் தாமே பார்த்தார். மறு ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியில் அது அறிக்கையாக வெளியானது. குரல்வளை மருத்துவம் இசைக்காரர் ஒருவரின் ஆர்வத்திலிருந்து தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

குரல்வளையை நாண்களுக்கு மேல், நாண்கள், நாண்களுக்குக் கீழ் என மூன்று பகுதிகளாகப் பிரிப்பார்கள். புகையிலையாலும் மதுவாலும் வரும் வழக்கமான தொண்டைப் புற்று, மேற்தோலின் செதிள் செல்களிலிருந்து கிளம்புவது. சொரசொரப்பாக எழுந்து புண்ணாகிக் கிழியும். நிணநீர்ப் புற்றின் பிறப்பிடம் வேறு. நாண்களுக்கு மேலுள்ள பகுதியில், மெல்லிய சவ்வுக்கு அடியில், நோய் எதிர்ப்புச் செல்களான லிம்போசைட்டுகள் சிறு திரள்களாக இருக்கின்றன. அங்கேதான் இது பெரும்பாலும் தோன்றுகிறது. மேலே சவ்வு கிழியாமல் வழவழப்பாக இருக்க, பாய்க்கு அடியில் எதையோ வைத்ததுபோல மேடிட்டு நிற்கும். புற்று என்ற சொல் கறையான் புற்றிலிருந்து வந்தது. பிளந்து எழுந்து நிற்பதைக் குறிப்பது. அச்சொல் செதிள் செல் கட்டிக்குப் பொருந்துவதுபோல் இதற்குப் பொருந்தவில்லை. சொல்லாராய்ச்சிக்காக இதைச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும் உருவம் மாறும்போது அறிந்துகொள்ளும் வழியும் மாறுகிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

அறிகுறிகள் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. குரல் கம்மும், விழுங்கும்போது உறுத்தும், தொண்டையில் ஏதோ நிற்பது போலிருக்கும், கட்டி பெரிதானால் மூச்சில் சத்தம் வரும். உள்நோக்கிக் குழாயை விட்டுப் பார்க்கும் மருத்துவர் ஒரு துணுக்குத் திசுவைக் கிள்ளி எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார். இங்கேதான் சிக்கல். நோய் சவ்வுக்கு அடியில் இருக்கிறது, கிள்ளியதோ மேற்சவ்வை. 'நாட்பட்ட அழற்சி, புற்றுக்கான அடையாளம் இல்லை' என்று அறிக்கை வந்துவிடலாம். ஆழமாக எடுத்தாலும், லிம்போசைட்டுகள் கிள்ளும் கருவியின் அழுத்தத்தில் எளிதில் நசுங்கி உருவழிந்துவிடும் தன்மையுடையவை. போதுமான அளவில், நசுங்காமல், ஆழத்திலிருந்து எடுத்த துண்டு வேண்டும். அதன்பிறகு சாதாரணச் சாயம் போதாது. சி.டி.20, சி.டி.3 என்று எண்ணிடப்பட்ட செல் அடையாளங்களைத் தேடும் சிறப்புச் சாயச் சோதனைகள் வேண்டும். அவற்றின் முடிவு வர நாளாகும். வீட்டாரால் தாங்க முடியாதது அந்த நாட்களைத்தான்.

மேலோட்டமாக எடுத்த துண்டு எப்படி ஏமாற்றும் என்பதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி ஒன்று உண்டு. அவருக்கு வந்தது நிணநீர்ப் புற்று அன்று, வழக்கமான புற்றுதான். ஆனாலும் பாடம் பொதுவானது. 1887இல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடெரிக்கின் குரல் கம்மியது. ஜெர்மன் மருத்துவர்கள் புற்று என்று ஐயுற்றுக் குரல்வளையைத் திறந்து அறுவை செய்ய ஆயத்தமானார்கள். இலண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மொரெல் மெக்கன்சி, முதலில் திசுவை ஆராய வேண்டும் என்றார். கிள்ளியெடுத்த துணுக்குகளைப் பார்த்தவர் செல் நோய்க்கூற்றியலின் தந்தை எனப்படும் விர்ச்சோ. அவருக்குக் கொடுக்கப்பட்ட துணுக்குகளில் புற்று இல்லை. இல்லை என்றே எழுதினார். அறுவை கைவிடப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் புற்று என்பது தெளிவாகிவிட்டது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்குழாயில் துளையிட வேண்டியதாயிற்று. மார்ச்சில் அரியணை ஏறியவர் பேச்சிழந்த பேரரசராக, தாளில் எழுதிக் காட்டியே 99 நாட்கள் ஆண்டு ஜூன் 15இல் இறந்தார்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் மெக்கன்சியைக் குற்றவாளியாக நிறுத்துவார்கள். 'அறுக்க வேண்டிய நேரத்தில் ஆராய்ச்சி செய்து கெடுத்தார்' என்பார்கள். அதை அப்படியே ஒப்ப நமக்கு மனமில்லை. திசுவைப் பார்த்தபின் முடிவெடுப்போம் என்று அவர் சொன்ன முறை சரி. பார்க்கக் கொடுத்த துண்டுதான் பத்தவில்லை. அறிக்கையில் 'புற்று இல்லை' என்றிருந்தால், இந்தத் துண்டில் இல்லை என்பதே அதன் பொருள். நோயாளியிடத்தில் இல்லை என்று அதை நீட்டிப் படிக்கக் கூடாது.

நமக்குத் தெரிந்த மூத்த பேராசிரியை ஒருவர். இலக்கணம் நடத்துவார். மாணவிகளுக்கு அவர் 'அம்மா'. முப்பதாண்டுகளாக ஒலிபெருக்கி இல்லாமல் வகுப்பெடுத்த குரல். அது தேயத் தொடங்கியபோது ஆசிரியர்களுக்கு வரும் வழக்கமான கம்மல் என்றே எல்லோரும் கருதினோம். முதல் திசு ஆய்வு அழற்சி என்றது. மாத்திரைகளோடு நான்கு மாதம் போயிற்று. மூச்சு வாங்கவே, பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்த உறவினர் ஒருவர் (மருத்துவத் துறையில் ஏதோ பணி செய்பவர்) 'குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தங்கும்' என்று சொல்ல, அவருடைய அண்ணன் அதற்குச் சம்மதித்தும்விட்டார். 'குரல் போனால் போகட்டும் தாயி, நீ இருந்தால் போதும்' என்று அவர் அழுததை நாம் பக்கத்தில் நின்று கேட்டோம். அம்மா அழவில்லை. கம்மிய குரலில், 'அது என்ன வகை என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே அண்ணா, பெயர் வரட்டும்' என்றார்.

இரண்டாம் முறை ஆழமாக எடுத்த திசுவில் பெயர் வந்தது. சவ்வடி நிணத்திசுவில் தோன்றும் மெதுவான வகை. மருத்துவர்கள் மால்ட் லிம்போமா என்பது. இந்த வகையை 1983இல் ஐசாக்சன், ரைட் என்னும் இரண்டு நோய்க்கூற்றியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு முன் இத்தகைய கட்டிகளில் பலவற்றைப் 'போலி நிணக்கட்டி' என்ற பெயரில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெயர் பிரிந்த பிறகு நடந்தது வியப்பானது. இரைப்பையில் வரும் இதே வகைக்கு ஹெலிகோபாக்டர் என்னும் நுண்ணுயிரியோடு தொடர்பு உண்டு என்றும், அதை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் ஒழித்தாலே கட்டி பின்வாங்குகிறது என்றும் 1990களின் தொடக்கத்தில் தெரிய வந்தது. இரைப்பையைப் பெரிதாக அறுத்தெடுத்த நோய்க்கு மாத்திரை மருந்தாயிற்று. குரல்வளையில் அப்படி ஒரு காரணி நிறுவப்படவில்லை. அங்கே கைகொடுப்பது கதிர்.

கதிருக்கும் லிம்போசைட்டுக்கும் உள்ள பகை பழையது. ராண்ட்கென் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். எட்டே ஆண்டில், 1903இல், ஹைனெகெ என்ற ஜெர்மானியர் விலங்குகளின்மீது கதிரைச் செலுத்தி, மற்ற உறுப்புகளுக்கு முன்பாக மண்ணீரலும் நிணக்கணுக்களும் அழிவதைக் கண்டார். அதற்கு முந்திய ஆண்டே சிகாகோவில் பியூசி என்பவர் வீங்கிய நிணக்கணுக்களுக்கு எக்ஸ் கதிர் கொடுத்து அவை சுருங்கக் கண்டிருந்தார். பொதுவாகக் கதிர்பட்ட செல் உடனே சாவதில்லை. அதன் மரபிழை அறுபடுகிறது. பிறகு அது பிரிந்து பெருக முயலும்போதுதான் முறிந்து விழுகிறது. லிம்போசைட்டு அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. இழை அறுந்தது தெரிந்ததும் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்குள் இருக்கிறது. அதனால்தான் வழக்கமான புற்றுக்கு வேண்டிய கதிரில் பாதிகூட இதற்குத் தேவைப்படுவதில்லை.

இதைக் கணக்கில் சொல்லலாம். கதிரின் அளவுக்கு அலகு கிரே. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் அது ஒரு கிரே. குரல்வளையின் செதிள் செல் புற்றைக் கதிரால் மட்டும் ஒழிக்க 66 முதல் 70 கிரே வரை தேவைப்படும். ஆறு ஏழு வாரம் ஆகும். மெதுவான வகை நிணநீர்ப் புற்று ஓரிடத்தில் மட்டும் இருந்தால் 24 முதல் 30 கிரே போதும். மூன்று நான்கு வாரத்தில் முடிந்துவிடும். முன்பு இதற்கும் 40, 45 கிரே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2011இல் வெளிவந்தது. மெதுவான வகைகளில் 24 கிரேக்கும் 40-45 கிரேக்கும் பலனில் வேறுபாடு காணப்படவில்லை. வேகமான வகைகளில் 30 கிரே போதுமானதாயிருந்தது. இன்னும் குறைக்கலாமா என்று 4 கிரேயையும் 24 கிரேயையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வந்தது. 4 கிரே ஆச்சரியப்படும் அளவுக்கு வேலை செய்தது, ஆனால் நோயை நீடித்து அடக்கியது 24தான். இவை உடலின் பல இடங்களில் வரும் நிணநீர்ப் புற்றுகளைச் சேர்த்துச் செய்த ஆய்வுகள். குரல்வளைக்கென்று தனி ஆய்வு நடத்தும் அளவுக்கு நோயாளிகள் சேர்வதில்லை; அங்கொருவர் இங்கொருவர் என்று மருத்துவ இதழ்களில் வரும் தனி அறிக்கைகளே உள்ளன. அந்த அறிக்கைகளில், ஓரிடத்தில் நிற்கும் மால்ட் வகைக்குக் கதிர் மட்டுமே கொடுத்து நோய் முற்றிலும் மறைந்த செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது.

'கரண்ட் வைப்பது' என்ற தொடரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஊர்ப்புறத்து மருத்துவமனை வாசலில் எங்கு கேட்டாலும் கதிர்ச் சிகிச்சைக்கு இதுதான் பெயர். மின்சாரத்தில் ஓடும் பெரிய இயந்திரத்தைப் பார்த்து மக்கள் இட்ட பெயர், அவர்கள்மேல் குற்றமில்லை. ஆனால் அந்தப் பெயர் கேட்ட மாத்திரத்தில் அதிர்ச்சியும் கருகலும் மனத்தில் எழுகின்றன. மூன்று வாரத்துக்குமாகச் சேர்த்து 24 கிரேயை ஒரே நொடியில் கொடுத்தாலும் திசுவின் வெப்பம் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட உயராது. ஒரு வாய் காப்பி அதைவிட அதிகம் சுடும். கதிரின் வேலை சூட்டால் நடப்பதன்று. உண்மையில் நடப்பது இதுதான்: வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மீதும் தோளின்மீதும் படியவைத்து ஒரு முகமூடி வார்க்கிறார்கள். தலை அசையாமலிருக்க, தினமும் அதை அணிவித்து மேசையோடு பூட்டுகிறார்கள். இயந்திரம் சுற்றி வருகிறது. கதிர் பாய்வது சில நிமிடங்கள். அதைப் பார்க்கவோ உணரவோ முடியாது. பேராசிரியையைப் பயமுறுத்தியது கதிரன்று, அந்த முகமூடிதான். உள்ளே படுத்தபடி மனத்துக்குள் நன்னூல் எழுத்ததிகாரத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்ததாகவும், பதவியலைத் தாண்டுவதற்குள் கதவைத் திறந்துவிடுவார்கள் என்றும் பிறகு சொன்னார்.

துன்பமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டாம் வாரத்தில் தொண்டை புண்ணாகும், குரல் மேம்படுவதற்கு முன் இன்னும் கம்மும், எச்சில் குறையும், இட்லியைக்கூடக் கரைத்துக் குடிக்க வேண்டியிருக்கும். இவை பெரும்பாலும் சில வாரங்களில் ஆறுபவை. 70 கிரேயில் வரக்கூடிய குருத்தெலும்புச் சிதைவு போன்ற கடும் விளைவுகள் இந்த அளவில் மிக மிக அரிது. குரல்வளை முழுமையாக இருந்த இடத்தில் இருக்கிறது. எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குரல்வளையை எடுத்தவர் மூக்கால் மூச்சுவிட முடியாது; கழுத்துத் துளையால்தான். வாசனை மங்கும். பேச்சுக்கு வால்வோ கருவியோ வேண்டும். உயிர் காக்க வேறு வழியில்லாதபோது இவற்றை ஏற்றுக்கொண்டு பெருமையாக வாழ்பவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். வேறு வழி இருக்கும் நோயில் இந்த விலையைக் கொடுக்கச் சொல்வது கொடுமை.

சிறு துண்டுகளாகக் கதிரைக் கொடுக்கும் முறை நிலைபெற்றதே குரல்வளையை வைத்துத்தான் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். பாரிஸில் ரெகோ என்ற விஞ்ஞானி ஆட்டுக்கடாக்களின் விதையில் சோதனை செய்தார். ஒரே தவணையில் மலடாக்கும் அளவு கதிர் கொடுத்தால் தோல் புண்ணாயிற்று; அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் தோல் தப்பியது, மலடாதலும் நடந்தது. பெருகும் செல் ஒடுங்க, பக்கத்துத் திசு தேறிக்கொள்ள இடைவெளி கிடைக்கிறது என்பது அதன் பொருள். அவருடன் பணிசெய்த கூத்தார் இதே முறையால் முற்றிய குரல்வளைப் புற்றுகளைக் குணப்படுத்தி, 1922இல் பாரிஸில் கூடிய மருத்துவர்கள் முன் அதற்கான சான்றுகளை வைத்தார். வியன்னாவில் பில்ரோத் முதன்முதலாகப் புற்றுக்காகக் குரல்வளையை முழுதாக எடுத்த 1873 முதல் அதுவரை ஏறக்குறைய ஐம்பதாண்டுகள், முற்றிய நோய்க்குக் கத்தியைவிட்டால் நம்பத்தக்க வேறு வழி இருக்கவில்லை.

இனி, நம்மை மறுப்பவர்கள் சொல்லக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். 'இப்படி எழுதினால், அறுவை தேவைப்படும் நோயாளியும் கதிர் போதும் என்று ஓடிவிடுவானே' என்பார்கள். நியாயமான அச்சம். செதிள் செல் புற்றில் அறுவை இன்றும் பலருக்குத் தேவை. குருத்தெலும்பைத் துளைத்து வெளியேறிய கட்டிக்குப் பெரும்பாலும் அதுவே சரியான வழி. ஆனால் அங்கும்கூட அறுவை ஒன்றே வழி என்ற நிலை மாறிப் பல்லாண்டுகளாகிவிட்டன. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 332 பேரை வைத்து நடந்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. முதலில் மருந்தும் பிறகு கதிரும் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் குரல்வளையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். குரல்வளையை எடுத்தவர்களைவிட அவர்கள் குறைவாக வாழ்ந்துவிடவில்லை. யாருக்கு எது என்பதைக் கட்டியின் வகையும் அளவும் பரவலும் சொல்ல வேண்டும். கத்திமீது நமக்குப் பகையில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு. நிணநீர்ப் புற்று என்று பெயர் வந்துவிட்டால் எல்லாம் கதிரால் தீர்ந்துவிடுமா? தீராது. அந்தப் பெயருக்குள்ளும் பெயர்கள் உண்டு. பெரிய பி செல்களாலான வேகமான வகை குரல்வளையில் மால்ட் வகையளவுக்கேனும் காணப்படுவது. அதற்கு ரிட்டுக்சிமாப் சேர்ந்த கூட்டு மருந்து முதன்மையானது. கதிர், தேவைப்பட்டால் 30 முதல் 36 கிரே, அதன்பின் வரும். ரிட்டுக்சிமாப் 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. அந்த வகையின் விதியையே அது மாற்றிவிட்டது. டி செல்லோடு உறவுடைய என்.கே. வகை மிக அரிது, மூர்க்கமானது. அதற்குக் கதிர் 50 கிரேக்குக் குறையாது, மருந்தும் வேறு. இத்தனை வகையிலும் பொதுவான ஒன்றுண்டு: குரல்வளையை வெட்டி எடுப்பதற்கு இவற்றில் இடமில்லை. அறுவை மருத்துவரின் வேலை ஆழமான துண்டை எடுத்துத் தருவதும், மூச்சு அடைபட்டால் துளையிட்டு வழிசெய்வதுமே.

நம் கலைகளும் இந்த மங்கலுக்குப் பங்களித்திருக்கின்றன. திரையில் புற்று என்றாலே பின்னணி இசை மாறிவிடும். 1962இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' இதில் விதிவிலக்கானது. அங்கே நோயாளி பிழைக்கிறார், மருத்துவர் இறக்கிறார். 1982இன் 'வாழ்வே மாய'த்துக்கு வரும்போது நோய் என்பது காதலைத் தியாகமாக்கும் கருவியாகச் சுருங்கிவிட்டது. சிறுகதைகளிலும் இதே கதைதான். எந்தப் புற்று, எந்த நிலை, என்ன சிகிச்சை என்று எழுத்தாளர் விசாரிப்பதில்லை. பாத்திரத்தைக் கொல்ல ஒரு சொல் வேண்டும், கிடைத்துவிட்டது. ஒரு வேளாண் கதையில் குறுவையையும் சம்பாவையும் குழப்பினால் சண்டைக்கு வரும் வாசகர்கள், மருத்துவமனைக் கதையில் எதையும் மன்னிக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது மிகச் சிறியது. திசு ஆய்வு அறிக்கையுடன் தமிழில் அரைப்பக்கம் தரட்டும். எந்தச் செல்லிலிருந்து பிறந்தது, எங்கே இருக்கிறது, எதுவரை பரவியிருக்கிறது, இன்னும் எந்தச் சோதனையின் முடிவு வரவேண்டும் என்ற நான்கு செய்திகள் போதும். 'சிறப்புச் சாயச் சோதனை முடியும்வரை இது முழுமையான முடிவன்று' என்னும் வரி ஆங்கில அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் மேலே கொண்டுவந்தால் எத்தனையோ வீடுகளில் அவசர முடிவுகள் ஒரு வாரமாவது தள்ளிப்போகும். சொற்கள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நிணநீர், குரல்நாண், திசு ஆய்வு, கதிர்ச் சிகிச்சை எல்லாம் பாடநூல்களில் இருக்கின்றன. மருத்துவமனைக் கோப்புக்குள்தான் நுழையவில்லை. தமிழ்த்துறைகள் இதை ஒரு பணியாக எடுத்துச் செய்யலாம். ஆண்டுதோறும் நாம் நடத்தும் கருத்தரங்குகளில் பாதிக்குமேல் இதைவிடப் பயனுள்ளவை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

பேராசிரியை கோடை விடுமுறை முடிந்ததும் வகுப்புக்குத் திரும்பினார். குரல் முன்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. மேசைமேல் தண்ணீர்ச் செம்பு இருக்கிறது. ஆனால் சிகிச்சை முடிந்ததோடு கதை முடிவதில்லை. மெதுவான வகை என்பதன் மறுபக்கம், பல ஆண்டுகள் கழித்து உடலின் வேறோர் இடத்தில் அது தலைகாட்டக்கூடும் என்பது. அப்போதும் சிகிச்சைக்கு இணங்கும் நோயே. கண்டுபிடிக்க ஆள் போய்க்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். தொடக்கத்தில் சில மாதங்களுக்கொரு முறை, பிறகு ஆண்டுக்கொரு முறை குரல்வளையை உள்நோக்கியால் பார்க்க வேண்டும். கூடவே இரத்தத்தில் தைராய்டுச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். தைராய்டு சுரப்பி குரல்வளையை ஒட்டியே இருப்பதால் கதிரில் அதற்கும் பங்கு போகிறது. சில ஆண்டுகளில் அது சோர்ந்து, உடல் பருத்து, குரல் மறுபடி கரகரக்கும். நோய் திரும்பிவிட்டது என்று அஞ்சி நடுங்கும் அந்தக் கரகரப்புக்கு, தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரையே போதுமானதாக இருக்கலாம்.